சருகு மண்ணுக்கே

நுழையும்முன்

உதிர்ந்த இலை எங்கே சேர வேண்டும்? தெருவோரத் தீயிலா, குப்பை வண்டியிலா, மண்ணிலா? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் மண்ணின் வளமும் காற்றின் வெப்பமும் அடங்கியுள்ளன. சருகு மட்கும்போது மண்ணில் நிகழ்வன யாவை, அதனால் மண் பெறுவது எது, இழப்பது எது என்பவற்றை ஆராய்ந்து, உதிர்ந்த இலை குறித்து மக்கள் கொள்ளவேண்டிய நிலைப்பாட்டை வலியுறுத்துகிறது இக்கட்டுரை.

ஒரு சொல், இரு பொருள்

இலையின் ஒவ்வொரு பருவத்திற்கும் தனிப்பெயர் வைத்த மொழி தமிழ். இளம்பருவத்தில் தளிர், கொழுந்து. முதிர்ந்து நிறம் மாறுகையில் பழுப்பு. உலர்ந்து உதிர்ந்தபின் சருகு. பயிருக்குப் பயிரும் பெயர் மாறும். நெல்லுக்குத் தாள், சோளத்திற்குத் தோகை, பனைக்கும் தென்னைக்கும் ஓலை. கரும்பின் காய்ந்த தோகையைச் சோகை என்பர் உழவர். உயிர் நீங்கிய இலைக்கும் இத்தனை பெயர்கள் வழங்கியதற்குக் காரணம், அது பயன்படு பொருளாகக் கருதப்பட்டமையே ஆகும்.

‘குப்பை’ என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. உழவர் வழக்கில் குப்பை என்பது எருவைக் குறிக்கும். தொழுவத்துச் சாணமும் கூளமும் சருகும் குப்பைக்குழியில் சேர்ந்து மட்கும். கோடையில் அதனை வண்டியேற்றி வயலில் கொட்டிப் பரப்புவதைக் ‘குப்பை அடித்தல்’ என்பர். நகர வழக்கிலோ குப்பை என்பது வேண்டாத பொருள். கண்ணில் படாமல் அகற்ற வேண்டியது. ஒரே சொல் ஓரிடத்தில் செல்வத்தையும் மற்றோரிடத்தில் கழிவையும் குறிக்கிறது. சொல்லின் பொருள் மாறியதோடு சருகின் நிலையும் மாறிவிட்டது. முன்பு குழிக்குச் சென்ற சருகு, இன்று பெரும்பாலும் தீக்குச் செல்கிறது.

காலைப் புகை

மாசி, பங்குனி மாதங்களில் வேம்பு இலையுதிர்க்கும். புங்கமும் வாகையும் அரசும் தத்தம் காலத்தில் உதிர்க்கும். பள்ளி வளாகங்களிலும் அலுவலக முற்றங்களிலும் தெருவோரங்களிலும் காலையில் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது அன்றாடக் காட்சி. எரிப்பவர் தீய எண்ணத்தால் எரிப்பதில்லை. இடம் துப்புரவாக இருக்க வேண்டும். பாம்பும் தேளும் அண்டக்கூடாது. கொசு ஒழிய வேண்டும். சாம்பல் செடிக்கு உரமாகும். இவையே அவர்கள் கூறும் காரணங்கள்.

சட்டம் இதனை ஏற்கவில்லை. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவைத் தெருவிலும் பொதுவெளியிலும் எரிப்பதைத் தடைசெய்தன. தோட்டக் கழிவை அவரவர் இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்குமாறும் கூறின. ஆயினும் புகை ஓயவில்லை. தண்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதைவிட, காரணம் அறிந்து நிறுத்துவதே நிலைக்கும். அக்காரணத்தை வேளாண்மைத் தமிழே தன் சொற்களில் வைத்திருக்கிறது. நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்றும் அது வழங்குகிறது. சருகை எரித்தால் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் சாம்பலில் எஞ்சும். தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போகும். கரிமமோ ஏறத்தாழ முழுவதும் காற்றில் கலக்கும். சாம்பல் உரமாகும் என்பது உண்மை. ஆனால் அது சருகு தரக்கூடிய உரத்தின் ஒரு சிறு பங்கே.

எரித்தாலும் மட்கினாலும்

உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். பத்துக் கிலோ சருகில் நாலரைக் கிலோ கரிமம் உண்டு எனக் கொண்டால், அது முழுவதும் எரிகையில் ஏறத்தாழ 16 கிலோ கரியமிலவாயு உண்டாகும். இந்தக் கணக்கைக் காட்டி, ‘எரிக்காமல் மண்ணில் இட்டால் அத்தனை கரிமமும் மண்ணில் தங்கிவிடும்’ என்று கூறுவோர் உளர். அக்கூற்று பிழையானது. நல்ல நோக்கத்திற்காகச் சொல்லப்படும் பிழையும் பிழையே.

மண்ணில் இட்ட சருகும் பெரும்பாலும் காற்றுக்கே திரும்புகிறது. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதனை உண்டு, மூச்சாகக் கரியமிலவாயுவை வெளியிடுகின்றன. சருகின் கரிமத்தில் பெரும்பங்கு சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இவ்வாறு வெளியேறிவிடும். மண்ணில் நெடுங்காலம் தங்குவது சிறு பங்கே.

அப்படியாயின் எரிப்பதற்கும் மட்கவிடுவதற்கும் வேறுபாடு யாது? கரிமம் செல்லும் வழியே வேறுபாடு. தீயில் அது சில நிமிடங்களில் யாருக்கும் உணவாகாமல் போகிறது. நுண்துகள்களையும் கார்பன் மோனாக்சைடையும் உடன்கொண்டு, மூச்சிழுப்போர் நெஞ்சில் புகுகிறது. மண்ணிலோ அது பூஞ்சைக்கும் புழுவுக்கும் கறையானுக்கும் மரவட்டைக்கும் உணவாகிறது, ஈரத்தைக் காக்கிறது, வெயிலின் வெம்மையைத் தடுக்கிறது, மழைத்துளியின் அடியைத் தாங்கி மேல்மண் அரிக்காமல் காக்கிறது. இத்தனையும் முடிந்தபின்னரே பெரும்பகுதி காற்றுக்குச் செல்கிறது. சிறு பகுதியை மண்ணுக்கு விட்டும் செல்கிறது.

மண்ணுக்குள் நிகழ்வது

உலகெங்கும் மேல்மண்ணின் ஒரு மீட்டர் ஆழத்திற்குள் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் கரிமப்பொருளாக உள்ளது. காற்றுமண்டலத்திலும் நிலத்தாவரங்களிலும் உள்ள கரிமத்தைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. இந்தச் சேமிப்பு முழுவதும் ஒரு காலத்தில் இலையாகவும் வேராகவும் தண்டாகவும் இருந்ததே. அது எவ்வாறு தங்கியது?

சருகு மண்ணில் புகுவதில் மண்புழுவுக்குப் பெரும்பங்கு உண்டு. சார்லஸ் டார்வின் தம் இறுதிக்காலத்தில், 1881-இல், மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். புழுக்கள் இலைகளைப் பற்றித் தம் வளைக்குள் இழுத்துச் செல்வதை அவர் பொறுமையுடன் கண்டு குறித்தார். தரைமேல் கிடந்த இலை இவ்வாறு மண்ணோடு கலக்கிறது.

கலந்தபின் நிகழ்வதைப் பற்றிய அறிவியல் கருத்து அண்மைக்காலத்தில் மாறியுள்ளது. எளிதில் மட்காத கடினப்பொருள்களே மண்ணில் நெடுநாள் தங்கும் என்று முன்பு கருதினர். இலையின் எளிதில் மட்கும் பகுதியை உண்டு வளர்ந்து மடியும் நுண்ணுயிரிகளின் எச்சங்களே களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்து நெடுங்காலம் நிலைக்கின்றன என்பது இன்று வலுப்பெற்றுள்ள கருத்து. சருகு நேராகச் சேமிப்பாவதில்லை. அது நுண்ணுயிரின் உடலாகி, அவ்வுடல் மடிந்து, களியோடு ஒட்டியபின்னரே சேமிப்பாகிறது. எனவே சருகின் அளவு மட்டுமன்றி அதன் தன்மையும், மண்ணின் களியும், அங்குள்ள உயிர்களின் நலமும் சேர்ந்தே மண்ணில் தங்கும் கரிமத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

தன்மையின் வேறுபாட்டை உழவர் நன்கறிவர். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 80 பங்கு வரை கரிமம் உண்டு. நுண்ணுயிரிகளுக்கு உகந்த அளவோ ஏறத்தாழ 25 பங்கே. ஆகவே மட்காத வைக்கோலை அப்படியே உழுது உடனே நடவு செய்தால், நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்; பயிர் வெளிறும். கொழிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிர்களில் இக்குறை இல்லை. அவற்றை மடக்கி உழுத வயல் விரைவில் பயிருக்கு ஊட்டம் தருகிறது.

பனாமாக் காடு சொல்லும் பாடம்

சருகு கூடினால் மண்ணின் கரிமமும் அதே அளவில் கூடுமா? இவ்வினாவுக்கு விடை காண, நடு அமெரிக்காவின் பனாமா நாட்டில் ஒரு வெப்பமண்டலக் காட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் ஆய்வு நடைபெற்றது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் நீள அகலமுள்ள பகுதிகளாகக் காட்டுத்தரை பிரிக்கப்பட்டது. சில பகுதிகளில் உதிர்ந்த சருகு மாதந்தோறும் வாரி அகற்றப்பட்டது. அகற்றிய சருகு வேறு சில பகுதிகளில் பரப்பப்பட்டது. எஞ்சியவை இயற்கையாகவே விடப்பட்டன. எம்மா சேயர் உள்ளிட்ட அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் இவற்றை அளந்து வந்தனர்.

சருகு அகற்றப்பட்ட மண் எதிர்பார்த்தவாறே மெலிந்தது. மேல்மண்ணின் கரிமம் குறைந்தது. இருமடங்கு சருகு பெற்ற மண்ணின் நிலைதான் வியப்பளித்தது. அங்கு மண்ணின் மூச்சு பெருகியது. சேர்த்த சருகின் அளவைக் கொண்டு விளக்க இயலாத அளவுக்குக் கரியமிலவாயு வெளிப்பட்டது. 15 ஆண்டுகள் வரை இருமடங்கு சருகு இட்டும் கூடுதல் சேமிப்பு சிறிதே என 2019-இல் வெளியான ஆய்வுரை கூறியது. கூடியதிலும் பெரும்பகுதி எளிதில் மட்கி வெளியேறக்கூடியதாகவே இருந்தது. களியோடு இறுகப் பிணைந்த கரிமம் கூடவில்லை.

இதற்கு ஒரு காரணத்தை அறிவியலார் ‘தூண்டல் விளைவு’ என்பர். புதிய சருகு வந்ததும் நுண்ணுயிரிகள் ஆற்றல் பெற்றுப் பெருகுகின்றன. பெருகிய அவை தமக்கு வேண்டிய தழைச்சத்தைத் தேடி மண்ணில் முன்பே தங்கியிருந்த பழைய கரிமப்பொருளையும் சிதைக்கின்றன. வரவு மிகுந்தபோது செலவும் மிகுந்து, பழைய இருப்பிலும் கைவைக்கும் குடும்பத்தைப் போன்றது அது.

இந்த ஆய்வைச் சருகுக்கு எதிரான சான்றாகக் கொள்வது தவறு. அது தெளிவுறுத்தும் உண்மை வேறு. சருகை எடுத்தால் இழப்பு உறுதி. மிகையாகச் சேர்த்தால் ஆதாயம் உறுதியன்று. இழப்பும் ஆதாயமும் சமமல்ல. ஆகவே ‘எங்கிருந்தேனும் சருகைக் கொண்டுவந்து குவிப்போம்’ என்பதைவிட, ‘விழுந்த இடத்துச் சருகை அங்கிருந்து பிரிக்காதிருப்போம்’ என்பதே முதல் விதியாக வேண்டும்.

காட்டைச் சுரண்டி வயலை நிரப்புதல்

இவ்விதியை மறந்ததன் விளைவை ஐரோப்பா முன்பே கண்டது. செருமனியிலும் அண்டை நாடுகளிலும் உழவர்கள் காட்டுச் சருகை வாரிவந்து தொழுவத்தில் கால்நடைகளுக்குப் படுக்கையாக இட்டனர். பின்னர் அதனையே எருவாக்கினர். வயல் செழித்தது, காடு நலிந்தது. நூற்றாண்டுகள் தொடர்ந்த இவ்வழக்கத்தால் காட்டுமண் ஊட்டம் இழந்து மரங்களின் வளர்ச்சி குன்றியது. பவேரியாவைச் சேர்ந்த எபர்மேயர் என்னும் அறிஞர் காட்டுச் சருகை முறையாக ஆராய்ந்து 1876-இல் நூலாக வெளியிட்டமைக்கு இச்சிக்கலே பின்னணி. ஓரிடத்து மண்ணை வளமாக்க மற்றோரிடத்து மண்ணை வறியதாக்குவது சேமிப்பு ஆகாது; இடமாற்றமே ஆகும்.

2015-இல் பாரீசில் நடைபெற்ற காலநிலை மாநாட்டையொட்டி, மண்ணின் கரிமத்தை ஆண்டுதோறும் ஆயிரத்தில் நான்கு பங்கு உயர்த்த வேண்டும் என்னும் முயற்சியைப் பிரான்சு தொடங்கியது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அதனை நிறைவேற்றத் தேவையான தழையும் சருகும் எங்கிருந்து வரும் என்னும் வினா விடுபட்டுவிடலாகாது. எந்த வயலில் விளைந்ததோ அந்த வயலின் தாளும், எந்த மரத்தில் உதிர்ந்ததோ அந்த மரத்தடியின் சருகுமே அதற்கு முறையான முதல். மண்ணில் இட்ட ஒவ்வொரு கிலோவையும் காற்றிலிருந்து நிலையாக நீக்கிய ஒரு கிலோவாக எண்ணி, அதைக் காட்டி ஆலைப் புகைக்கு உரிமை கோருவது மண்ணின் பெயரால் செய்யும் பொய்க்கணக்கு.

இழப்பின் வாயில்கள்

சேமித்ததைக் காப்பது புதிதாகச் சேர்ப்பதைப் போன்றே முதன்மையானது. நீலகிரியின் சதுப்புகள் இதற்குச் சான்று. குளிரும் தேங்கிய நீரும் காற்றுப்புகாத நிலையும் கூடிய அவ்விடங்களில் செடிகொடிகளின் எச்சம் முழுமையாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. அப்படிவுகளை இரா. சுகுமாரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளின் காலநிலை மாற்றத்தை 1993-இல் வெளிப்படுத்தினர். அத்தனை காலம் காத்த கரிமம், நீரை வடித்துச் சதுப்பைக் காயவிட்டால் காற்றுப்பட்டு மட்கத் தொடங்கிவிடும். சேர ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆன ஒன்று இழக்கப்படச் சில தலைமுறைகளே போதும்.

சமவெளி வயல்களிலும் இழப்பின் வாயில்கள் உண்டு. அடிக்கடி ஆழ உழும்போது மண்கட்டிகள் உடைந்து, அவற்றுள் ஒளிந்திருந்த கரிமம் நுண்ணுயிரிகளுக்கு எட்டுகிறது. மூடாக்கின்றிக் கிடக்கும் மண் வெயிலில் சூடேறுகிறது. மழையில் அரிக்கப்பட்டு, கரிமம் மிகுந்த மேற்பரப்பையே முதலில் இழக்கிறது. நெல்வயலில் நீர் தேங்கியிருக்கையில் மட்காத வைக்கோலை மிகுதியாக இட்டால், காற்றில்லாச் சேற்றில் மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமிலவாயுவினும் 25 மடங்குக்கும் மேல் வெப்பம் பிடிக்கும் வளி. ஆகவே வைக்கோலையும் மட்கச்செய்தோ, வயல் காய்ந்திருக்கும்போது முன்கூட்டியே உழுதோ இடுவது நன்று. சருகு நல்லது என்பதனால் எங்கும் எப்போதும் எவ்வளவும் நல்லது என்று கொள்ளலாகாது.

தெரியுமா?
மண்ணில் தங்கும் கரிமத்தில் இலையைப்போலவே வேருக்கும் பெரும்பங்கு உண்டு. வேர் மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, அங்கேயே மடிந்து, களித்துகள்களுக்கு அருகிலேயே மட்குவதால் அதன் கரிமம் தங்கும் வாய்ப்பு மிகுதி. நிலத்தில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பயிரோ புல்லோ வேரூன்றி நிற்பது மண்ணுக்கு நன்மை தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யத்தக்கவை

எரிப்பதற்குக் கூறப்படும் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. பாம்புக்கு அஞ்சினால் நடைபாதையிலும் சுவரோரத்திலும் சருகைக் குவிக்காமல், ஆள்நடமாட்டம் இல்லாத மூலையில் ஒரு குழி அமைக்கலாம். கொசு பெருகுவது தேங்கிய நீரில்; காய்ந்த சருகில் அன்று. மரத்தடிப் பாத்தியில் அடிமரத்தைத் தொடாமல் சருகைப் பரப்பினால் வளாகம் துப்புரவாகவும் இருக்கும்; கோடையில் மரத்துக்கு ஊற்றும் நீரும் மிஞ்சும். குழியில் சருகும் மண்ணும் சாணமும் மாறி மாறி அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே கிளறிவிட்டால் சில மாதங்களில் மட்கு உரம் கிடைக்கும்.

கரும்பு வயலில் அறுவடைக்குப்பின் சோகைக்குத் தீவைப்பதைவிட, மறுதாம்புப் பயிரின் வரிசைகளுக்கிடையில் அதனைப் பரப்புவது களையையும் நீர்த்தேவையையும் குறைக்கும். தென்னந்தோப்பில் விழும் மட்டையும் ஓலையும் மரத்தைச் சுற்றிய பாத்திக்கே உரியவை. இவற்றிற்கு ஆள்கூலி ஆகும் என்பது மறுக்க இயலாத உண்மை. தீக்குச்சி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் எந்த உழைப்பும் செலவாகவே தோன்றும். அச்செலவை உழவர் தனியே சுமக்குமாறு விடாமல், தோகை துணிக்கும் கருவிகளைக் குறைந்த வாடகைக்கு வழங்குவது அரசின் கடமை. எரிப்போரைக் குற்றஞ்சாட்டுவதற்குமுன் எரிக்காதிருக்கும் வழியை அவர்களுக்கு எளிதாக்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. கொடிய நோயோ பூச்சியோ தாக்கிய பயிர்க்கழிவை வயலில் விடுவது அடுத்த பயிருக்குத் தீங்காகும். அத்தகையவற்றை வேளாண் அலுவலரின் அறிவுரைப்படி அகற்றுதல் வேண்டும். நெகிழி கலந்த கூட்டுக்குப்பையும் மண்ணுக்கு உரியதன்று. முதலில் அதனைப் பிரித்தாக வேண்டும். விலக்குகள் இருப்பதனால் விதி பொய்யாகிவிடாது.

பள்ளி வளாகத்தின் ஒரு வேப்பமரம் உலகின் வெப்பத்தைத் தணித்துவிடாது. அதன் சருகு முழுவதும் மண்ணில் நிலைத்துவிடவும் செய்யாது. ஆனால் அம்மரத்தடி மண் ஆண்டுதோறும் எதை இழக்கிறது என்பதை அவ்வளாகத்தில் பயில்வோர் முடிவுசெய்ய இயலும். சருகை எரிக்கும் மண்ணையும் சருகு மூடிய மண்ணையும் கோடையின் நண்பகலில் கையால் தொட்டுப் பார்க்கும் மாணவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஒன்று சுடும், மற்றொன்றில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில்தான் புழுவும் பூஞ்சையும் வாழ்கின்றன. அவற்றின் வாழ்வால்தான் சிறிதளவேனும் கரிமம் மண்ணில் தங்குகிறது. மரம் மண்ணிலிருந்து பெற்றதை இலையாக மண்ணிடமே திருப்பித் தருகிறது. இடையில் புகுந்து அதனைப் பறிக்காதிருப்பதே மனிதர் செய்யவேண்டியது.